அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு புரோமோ, இஜென் எரிமலைகளுக்குப் போகலாமா?

கோவைப்பயணி

வணக்கம். வரும் ஜூலையில் ஜாவா தீவுக்குப் போகிறோம். நான், கணவர், 11 வயதுப் பையன், என் அம்மா. சுரபாயாவில் இறங்கி புரோமோ, அங்கிருந்து காரில் இஜென், அப்புறம் ஃபெர்ரியில் பாலி. டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்த திட்டம் இது.

பள்ளியில் எரிமலைப் பாடம் படித்ததிலிருந்து பையனுக்கு அதே பேச்சு. இஜெனின் நீல நெருப்பைப் பார்த்தே ஆக வேண்டுமாம். அம்மாவுக்கு 63 வயது. சதுரகிரி ஏறி இறங்கியவர், நடையில் குறையில்லை. ஆனால் மார்கழி வந்தால் வீசிங் வரும், இன்ஹேலர் கையிலேயே இருக்கும். கணவர் நியூசிலாந்து எரிமலை விபத்து வீடியோவைப் பார்த்துவிட்டு, "குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிற இடமா அது?" என்கிறார். டிராவல்ஸ்காரரோ, "தினமும் அத்தனை பேர் போறாங்க மேடம், மாஸ்க் நாங்களே தர்றோம்" என்கிறார்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டுக்கும் போகலாமா, ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாமா? அம்மாவை எதுவரை கூட்டிப்போகலாம்?

பினாங்கு மலையேறி

சகோதரி, முதலில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே டூர் பேக்கேஜில் வருவதால் இரண்டும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடுகிறார்கள்.

புரோமோவை ரசிக்க அதன் வாய்வரை போக வேண்டிய அவசியமே இல்லை. பெனாஞ்சாக்கான் என்ற காட்சிமுனை 2,770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட அதுவரை ஜீப் போகும். விடிவதற்கு முன் போய் நின்றால் கீழே பனிமூட்டம் நிறைந்த பெரிய பள்ளம் தெரியும். அந்தக் காலத்து டெங்கர் எரிமலை சரிந்து உண்டானது அது. அதற்குள்தான் புரோமோ புகைந்துகொண்டு நிற்கிறது, 2,329 மீட்டர். மடிப்பு மடிப்பாக, பச்சையாக, அழகான கூம்பு ஒன்று முன்னால் தெரியும். அது பாத்தோக், அணைந்துபோனது. பலர் அதைத்தான் புரோமோ என்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். புரோமோ அதன் பக்கத்தில், தலை வெட்டுப்பட்டு, சாம்பல் நிறத்தில் இருக்கும். தூரத்தில் செமேரு, 3,676 மீட்டர், ஜாவாவிலேயே உயரமானது. அது அவ்வப்போது ஒரு புகைக்குமிழை மேலே விடும். அந்தக் காட்சியை உங்கள் அம்மா கட்டாயம் பார்க்க வேண்டும். ஜூலையில் விடியற்காலை கடும் குளிர், கீழே புரோமோவைச் சுற்றியுள்ள மணல்வெளியில் உறைபனி படியும் நாட்களும் உண்டு. குளிரில் அவருக்கு வீசிங் வரும் என்றால் கழுத்து, மூக்கு, வாய் மூடுகிற மாதிரி கம்பளித்துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

இஜென் வேறு கதை. பால்டூடிங் என்ற அடிவாரத்திலிருந்து நடுராத்திரி தாண்டி நடை தொடங்கும். 3 கி.மீ.தான், ஆனால் செங்குத்து. மேலே விளிம்பு ஏறக்குறைய 2,386 மீட்டர். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நீல நெருப்பு விளிம்பிலிருந்து சரியாகத் தெரியாது. இருட்டில், பாறைகளுக்கு நடுவே, கந்தகப் புகை அடிக்கிற திசையைப் பார்த்துப் பார்த்து எரிமலை வாய்க்குள்ளேயே இறங்க வேண்டும். வீசிங் உள்ள அம்மாவுக்கு அது வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

பாறைவாசி

கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இந்த மலைகளுக்குப் போயிருக்கிறேன். உங்கள் கணவர் கேட்பது சரியான கேள்வி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எரிமலை என்றதும் எல்லாருக்கும் நெருப்புக்குழம்புதான் நினைவுக்கு வரும். பெரும்பாலான இடங்களில் குழம்பு மனிதன் நடக்கிற வேகத்தைவிட மெதுவாகத்தான் நகரும். பார்க்கப் போனவர்கள் உயிரிழந்த சம்பவங்களை எடுத்துப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் குழம்பே இருக்காது. நிலத்தடி நீர் சூடான பாறைக்குள் சிக்கி, ஒரு கணத்தில் ஆவியாகி, மேலிருக்கும் பாறையை உடைத்துக்கொண்டு வெளியே வரும். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று சமையலறையில் பார்த்திருப்பீர்கள். நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். இதற்குக் கீழிருந்து புதிய குழம்பு மேலே ஏறி வர வேண்டியதில்லை, அதனால் நிலநடுக்கக் கருவியில் முன்கூட்டியே பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம்.

ஜப்பானின் ஒன்டாகே, 2014 செப்டம்பர் 27. சனிக்கிழமை, இலையுதிர் காலம், நண்பகலுக்குச் சற்று முன். உச்சியில் கூட்டம். 58 பேர் இறந்தார்கள், 5 பேர் கிடைக்கவே இல்லை. அன்று அந்த மலையின் எச்சரிக்கை நிலை மிகக் கீழானது, 1. கணவர் பார்த்த வீடியோ நியூசிலாந்தின் வக்காரி, 2019 டிசம்பர் 9. தீவில் 47 பேர், இறந்தவர்கள் 22. மூன்று வாரங்களுக்கு முன்புதான் நிலையை 2-க்கு உயர்த்தியிருந்தார்கள், ஆனாலும் படகுகள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டுதான் இருந்தன. இந்தோனேசியாவில் மேற்கு சுமத்ராவின் மராபி, 2023 டிசம்பர் 3. மலையில் 75 பேர், இறந்தவர்கள் 24. அந்த மலை 2011 முதலே 2-ம் நிலையில் இருந்தது. எரிமலை வாயிலிருந்து 3 கி.மீ. தள்ளி இருக்கச் சொல்லி அறிக்கை இருந்தும், ஏற அனுமதிச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். (ஜாவாவில் யோக்யகர்த்தா பக்கத்தில் இருப்பது மெராபி, அது வேறு மலை. செய்தி தேடும்போது குழம்பிவிடாதீர்கள்.)

ஆக, கீழ்நிலை எண் என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. உயர்ந்த எண் என்றால் போகவே கூடாது என்பது மட்டும் நிச்சயம். மற்றபடி பயணியின் கையில் இருப்பது இரண்டே இரண்டு விஷயம்: எந்த நாளில் போகிறோம், விளிம்பில் எத்தனை நேரம் நிற்கிறோம்.

மதுரை ரைடர்

அண்ணா சொல்வதைப் படித்தால் யாரும் வீட்டைவிட்டே கிளம்ப மாட்டார்கள். புரோமோவுக்கு வருடந்தோறும் லட்சக்கணக்கில் ஆட்கள் போகிறார்கள். நானும் நண்பர்களும் விளிம்பில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தோம். நம்ம ஊர் நாற்கரச் சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுவதைவிட இது ஆபத்தா? சின்னப் பையன் ஆசைப்படுகிறான். பயமுறுத்தாமல் கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா, அந்த உறுமலைப் பக்கத்தில் நின்று கேட்பது வேறு எதிலும் கிடைக்காது.

பாறைவாசி

தம்பி, போக வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. நானே போகிறவன். அந்த உறுமல் எனக்கும் பிடிக்கும்.

சாலையோடு ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சாலையில் நம் கவனத்துக்கு ஒரு பலன் உண்டு. வேகத்தைக் குறைக்கலாம், ஹெல்மெட் போடலாம், தூக்கம் வந்தால் ஓரம் கட்டலாம். விளிம்பில் நிற்கும்போது கீழே வெடித்தால் நம் திறமைக்கு அங்கே வேலை இல்லை. மிஞ்சுவது ஒன்றுதான், அங்கே எத்தனை நிமிடம் இருந்தோம் என்பது. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு இறங்குகிறவரையும் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருக்கிறவரையும் ஒன்றாகப் பேச முடியாது. விளிம்பில் காப்பி குடிக்காதீர்கள். இறங்கி வந்து மணல்வெளிக் கடையில் குடியுங்கள், காட்சி அங்கிருந்தும் தெரியும்.

புரோமோ விஷயத்தில் இன்னொன்று. 2004 ஜூனில் அங்கே திடீரென்று வெடித்து விளிம்புப் பக்கம் இருந்த இரண்டு பேர் இறந்தார்கள். நெடுநாளாக அது 2-ம் நிலையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. எரிமலை வாயிலிருந்து 1 கி.மீ. தள்ளி நிற்கும்படி எரிமலை கண்காணிப்பு மையம் அறிக்கையில் எழுதிக்கொண்டே இருக்கும், விளிம்புக்குப் போகும் படிக்கட்டில் கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். அறிவியலாளர்கள் எழுதுகிற வரம்பும் நுழைவுச்சீட்டு விற்கிறவர்கள் அனுமதிக்கிற வரம்பும் ஒத்துப்போகாத இடம் இது. மராபியிலும் இதேதான் நடந்தது. "டிக்கெட் கொடுக்கிறார்களே" என்பதைப் பாதுகாப்புக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சிங்கை செவிலி

நான் சிங்கப்பூரில் மூச்சு சம்பந்தப்பட்ட நோயாளிகளைக் கவனிக்கும் வார்டில் வேலை செய்கிறேன். அம்மாவின் வீசிங் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கந்தகப் புகையில் முக்கியமானது சல்ஃபர் டை ஆக்சைடு. மூச்சுக்குழாயின் ஈரத்தோடு சேர்ந்ததும் அது அமிலமாகிவிடும். சாதாரண ஆளுக்கு இருமல், கண் எரிச்சலோடு போய்விடும் அளவு, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயையே சுருக்கிவிடும். அதுவும் ஏறிக்கொண்டிருக்கும்போது வாயால் மூச்சு வாங்குவோம், மூக்கு வடிகட்டுவதும் இல்லாமல் போகும். இன்ஹேலர் இருக்கிறது என்ற தைரியத்தில் போகவே கூடாது. உயரத்தில், இருட்டில், புகைக்கு நடுவில், மருத்துவமனை மணிக்கணக்கு தூரத்தில் இருக்கும்போது இன்ஹேலர் ஒன்றை மட்டும் நம்ப முடியாது.

ஜப்பானின் ஆசோ எரிமலையில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தேன். விளிம்பைச் சுற்றிலும் வாயுவை அளக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள், அளவு கூடினால் உடனே ஆட்களை இறக்கிவிடுகிறார்கள். ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று பல மொழிகளில் எழுதியிருக்கிறது. அங்கே சுற்றுலாப் பயணிகள் அந்த வாயுவாலேயே இறந்த பிறகு வந்த ஏற்பாடு அது. கான்கிரீட் கூண்டுகளும் கட்டிவைத்திருக்கிறார்கள், கல் பறந்தால் ஓடி நுழைய.

அப்புறம், "மாஸ்க் நாங்களே தர்றோம்" என்கிறாரே, என்ன மாஸ்க் என்று கேளுங்கள். கொரோனா காலத்து துணி மாஸ்க், என்95 இரண்டும் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப்பிடிக்கிற ரப்பர் முகமூடியும், அமில வாயுக்களை வடிகட்டும் கார்ட்ரிஜும் வேண்டும். ஐரோப்பிய தரத்தில் சல்ஃபர் டை ஆக்சைடுக்கு மஞ்சள் பட்டை போட்டிருக்கும். கார்ட்ரிஜ் ஒருமுறை திறந்தால் காலம் ஆக ஆக வேலை செய்யாது. வாடகைக்குக் கிடைப்பது எத்தனை மாதம் எத்தனை பேர் போட்டது என்று யாருக்குத் தெரியும்? சிறுவர்களுக்கு அந்த முகமூடி அளவே பொருந்தாமல் ஓரத்தில் இடைவெளி விழும். தாடி வைத்தவர்களுக்கும் அதே கதை.

அழுகிய முட்டை நாற்றம் வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். "இப்போது நாற்றம் இல்லை, சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் உடனே இறங்கிவிடுங்கள்.

கோவைப்பயணி

எல்லாருக்கும் நன்றி. செவிலி அக்கா எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "எனக்கு சூரிய உதயம் போதும், கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அது முடிந்தது.

பையன்தான் பாக்கி. நீல நெருப்பு உண்மையில் எப்படி இருக்கும்? அதற்காக அத்தனை சிரமப்படலாமா? முகமூடி பொருந்தாது என்றால் எனக்கு மனம் இல்லை. ஆனால் இத்தனை தூரம் போய்விட்டு அவனிடம் இல்லை என்று சொல்வதும் கஷ்டம்.

ஒஸ்லோவாசி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து நோர்வேயில் இருக்கிறேன். 2021-இல் ஐஸ்லாந்தின் ஃபாக்ரடால்ஸ்ஃபியாட்ல் எரிமலை திறந்தபோது போய்ப் பார்த்தேன். எதிர் மேட்டில் நின்று செந்நிறக் குழம்பு பொங்கி வழிவதைப் பார்ப்பது அப்படியொரு அனுபவம். தன்னார்வ மீட்புப் படையினர் பாதைக்குக் கொடி நட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, சில நாட்கள் மூடியே வைத்தார்கள். பள்ளத்தில் உட்கார விடமாட்டார்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, காற்றில்லாத நாளில் பள்ளத்தில் தேங்கிவிடும். பார்க்கவும் தெரியாது, மணமும் கிடையாது, முகமூடிக் கார்ட்ரிஜும் அதைத் தடுக்காது.

அடுத்த ஆண்டு, 2022 ஓகஸ்ட்டில் அங்கே திரும்பவும் வெடித்தபோது 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடமாட்டோம் என்று காவல்துறை அறிவித்துவிட்டது. நீண்ட நடை, வாயு தரையோடு தேங்குவது, பிள்ளைகள் குளிரில் சோர்ந்துபோவது எல்லாவற்றையும் பார்த்துத்தான். உங்கள் மகனுக்கு 11 வயது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவனை இஜெனின் விளிம்புவரை கூட்டிப்போவேன், உள்ளே இறக்க மாட்டேன்.

பினாங்கு மலையேறி

நீல நெருப்பைப் பற்றி. பலர் நினைப்பதுபோல நீல நிறக் குழம்பு அல்ல அது. பாறை வெடிப்புகளிலிருந்து கந்தக வாயு 600 டிகிரி வரையிலான சூட்டில் வெளியே வரும்போது காற்றுப் பட்டு தீப்பிடிக்கிறது. சில சமயம் வாயுவில் கொஞ்சம் திரவக் கந்தகமாகி, எரிந்துகொண்டே சரிவில் வழியும். பகலிலும் எரியும், வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ராத்திரி நடை. இணையத்தில் வரும் படங்கள் கேமரா கண்ணை நெடுநேரம் திறந்து வைத்து எடுத்தவை. நேரில் பல நாட்களில் புகைக்கு நடுவே ஒரு நீலத் துண்டு தெரிந்து மறையும், அவ்வளவுதான். காற்று ஒத்துழைத்தால் பிரமாதம். ஒத்துழைக்காத நாளில் இருமிக்கொண்டே ஏறி வரவேண்டியதுதான்.

என் கருத்தைக் கேட்டால், இஜெனின் அழகு நெருப்பில் இல்லை, ஏரியில் இருக்கிறது. விடிந்ததும் விளிம்பிலிருந்து பார்த்தால் பச்சை கலந்த நீலத்தில், அசையாமல், ஏறக்குறைய 1 கி.மீ. நீளத்துக்கு ஓர் ஏரி. அதன் நீர் முழுக்க அமிலம், பிஎச் அளவு 1-க்கும் கீழே (எண் குறையக் குறைய அமிலம் கடுமை). உலகில் இத்தனை பெரிய கடும் அமில ஏரி வேறு இல்லை. பையனிடம் பிஎச் பற்றிச் சொல்லிக் கூட்டிப்போங்கள், கண் விரியும். இதற்கு ராத்திரி கிளம்ப வேண்டாம். விடியற்காலைப் பக்கமாக ஏறத் தொடங்கினால் நெருப்புக் கூட்டம் இறங்கி வரும் நேரத்தில் நீங்கள் மேலே இருப்பீர்கள். விளிம்பின் ஓரத்துக்கு மட்டும் போகாதீர்கள். 2024 ஏப்ரலில் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த ஒரு பயணி அங்கே விழுந்து இறந்துபோனார்.

மேலே போக மருத்துவச் சான்று கேட்கிறார்கள், முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

கந்தகச்சுமை

இந்த இழையில் யாருமே சொல்லாத ஒன்று இருக்கிறது. இஜெனுக்குள் தினமும் இறங்குகிறவர்கள் பயணிகள் இல்லை, கந்தகம் சுமக்கும் தொழிலாளர்கள்.

எரிமலை வாய்க்குள் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். வாயு அதன் வழியே வந்து குளிர்ந்து, சிவப்பாகச் சொட்டி, ஆறினதும் மஞ்சள் பாளமாக உறையும். அதைக் கடப்பாரையால் உடைத்து, மூங்கில் காவடியின் இரண்டு பக்கமும் கூடைகளில் அடுக்கி, 70 முதல் 90 கிலோ வரை தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பாறைப்பாதையில் விளிம்புவரை ஏறுகிறார்கள். விளிம்பிலிருந்து கீழே 3 கி.மீ. இப்போது பலர் தள்ளுவண்டி வைத்திருப்பதால் அந்தப் பகுதி கொஞ்சம் இலகு. உள்ளிருந்து மேலே ஏற்றுவது இன்றும் தோள்தான். கூலி எடை போட்டு. ஈரத்துணியை வாயில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்தேன். அந்த வாயு தண்ணீரில் கரையும் என்பதால் ஈரத்துணியில் ஓரளவு பலன் உண்டு, ஆனால் அது பாதுகாப்பு ஆகாது. வருடக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களின் பல்லும் நுரையீரலும் கதை சொல்லும்.

அந்தக் கந்தகம் எங்கே போகிறது என்று கேட்டால் சர்க்கரையை வெளுக்க, தீக்குச்சி, ரப்பர், அழகுசாதனப் பொருட்கள். நம் ஊர் சர்க்கரை ஆலைகளிலும் கந்தகப் புகை காட்டித்தான் வெள்ளையாக்குகிறார்கள்.

குறுகிய பாதையில் அவர் தோளில் 80 கிலோவோடு வரும்போது செல்ஃபிக்கு நிற்பவர்களைப் பார்த்து எனக்கு மனம் கொதித்தது. உள்பக்கமாக ஒதுங்கி வழி விடுங்கள். படம் எடுக்க வேண்டும் என்றால் அவர் சுமையை இறக்கி வைத்த பிறகு கேளுங்கள், பணமும் கொடுங்கள். கந்தகத்தில் ஆமை, பூ எல்லாம் வார்த்து விற்பார்கள், பையனுக்கு அதில் ஒன்று வாங்கிக்கொடுக்கலாம். விமானத்தில் கொண்டுபோக முடியாது, கந்தகம் தீப்பிடிக்கும் பொருள். அங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

மதுரை ரைடர்

அங்கே மனிதர்களை வண்டியில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போகிறார்களே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் அண்ணா? எனக்கு ஏறவே மனம் வரவில்லை. நம் ஊரில் கைரிக்‌ஷாவை ஒழித்தோம். காசு கொடுத்து இன்னொரு மனுஷன் முதுகில் மலையேறுவதா என்று தோன்றியது.

கந்தகச்சுமை

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இழுக்கிறவர்களிடமே உட்கார்ந்து பேசினேன். பெரும்பாலோர் முன்பு கந்தகம் சுமந்தவர்கள். ஒரு பயணியை ஏற்றி இறக்கினால் பல நடை கந்தகம் சுமந்து கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கிறது, வாயும் மூக்கும் புகைக்குள் போவதில்லை. "நீங்கள் ஏறாவிட்டால் நான் திரும்ப உள்ளே இறங்க வேண்டும்" என்றார் ஒருவர். அதற்குப் பிறகு எனக்கு மறுபேச்சு வரவில்லை. ஏறுகிறவர்கள் பேரம் பேசாமல் ஏறட்டும், செங்குத்தான இடத்தில் இறங்கி நடக்கட்டும். நடக்க முடிகிறவர்கள் நடந்துபோய், மூட்டை தூக்கவாவது ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.

மதுரை ரைடர்

இதை நான் யோசிக்கவில்லை. சரி, அடுத்தமுறை மூட்டையையாவது கொடுக்கிறேன்.

குடந்தைத் தமிழ்

புரோமோ விளிம்பில் சின்னப் பிள்ளையார் ஒருவர் இருக்கிறார். அம்மா அறிந்தால் படியேற வேண்டும் என்று நிற்பார், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்! மணல்வெளியிலேயே பூரா லுஹூர் போத்தேன் என்ற கோயில் இருக்கிறது. படியேறாமல் அங்கே கும்பிட்டுக்கொள்ளலாம்.

அங்கே வாழும் டெங்கர் மக்கள் இந்துக்கள். தங்கள் நாட்காட்டியின் கசடா மாதத்தில் யட்ன்யா கசடா என்ற விழாவில் காய்கறி, நெல், கோழி, ஆடு என்று எரிமலை வாய்க்குள் காணிக்கை போடுவார்கள். பிள்ளையில்லாத ரோரோ அன்தெங், ஜோகோ செகர் தம்பதியர் மலையிடம் வேண்டிப் பிள்ளைகள் பெற்று, கடைசிப் பிள்ளையைத் தருவதாகச் சொன்ன வாக்கைப் பற்றிய கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. காணிக்கையைப் பிடிக்க வலையோடு உள்சரிவில் இறங்கி நிற்பவர்களைப் பார்த்தால் நெஞ்சு பதறும். விழா நாட்களில் பயணிகளுக்கு மூடிவிடுவதுண்டு, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வருத்தத்தோடு சொல்கிறேன். 2023 செப்டம்பரில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வந்த ஒரு கூட்டம் படத்துக்காகப் புகை கக்கும் வாணக்குச்சி கொளுத்தி, புரோமோவின் புல்வெளி நூற்றுக்கணக்கான ஹெக்டேர் எரிந்துபோனது. மழையில்லாத மாதங்களில் அங்கே புல் காய்ந்து சருகாக நிற்கும். ஜூலையிலும் அப்படித்தான்.

நெல்லை மாலுமி

இத்தனை செலவு எதற்கு, நம் நாட்டிலேயே பேரன் (Barren) தீவு இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஏறக்குறைய 135 கி.மீ. இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. நூறாண்டுக்கும் மேல் அடங்கிக் கிடந்து 1991-இல் மறுபடி வெடித்தது, அதிலிருந்து அவ்வப்போது புகைகிறது. கரையிறங்க அனுமதி கிடையாது, கப்பலிலிருந்து பார்ப்பதுதான். கறுப்புக் குழம்பு கடலுக்குள் இறங்கி உறைந்து நிற்பதை நான் கப்பலில் போகும்போது பார்த்திருக்கிறேன். ஆள் குடியிருப்பே இல்லை. பாரடாங்கில் காட்டும் சேற்று எரிமலை வேறு வகை, அங்கே வாயு சேற்றைத் தள்ளுகிறது, நெருப்போ குழம்போ கிடையாது.

பாறைவாசி

மாலுமி ஐயா சொன்னதும் நினைவுக்கு வந்தது, விமான விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பல் மாதிரி இல்லை, பொடிப்பொடியான கண்ணாடியும் பாறையும். ஜெட் என்ஜினுக்குள் போனால் உருகி ஒட்டிக்கொள்ளும். 1982 ஜூன் 24 இரவு, லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து போய்க்கொண்டிருந்த ஜம்போ விமானம், மேற்கு ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்து நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன. 37,000 அடியிலிருந்து சறுக்கி இறங்கி, சாம்பலைத் தாண்டிய பிறகு என்ஜின்கள் மறுபடி பிடித்து, ஜகார்த்தாவில் தரையிறங்கியது. முன்கண்ணாடி உராய்ந்து வெளியே எதுவும் தெரியாத நிலை. அதில் இருந்த 260-க்கும் மேற்பட்டவர்களும் பிழைத்தார்கள்.

அதிலிருந்துதான் சாம்பல் மேகத்தை விமானங்கள் இத்தனை தீவிரமாக ஒதுக்குகின்றன. 2024 நவம்பரில் ஃபுளோரஸ் தீவின் லெவோடோபி வெடித்தபோது பாலி விமானங்கள் கொத்தாக ரத்தாயின. நீங்கள் பார்க்கப்போகும் மலைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, ஆனால் ஊர் திரும்புவது தள்ளிப்போகும். பயணக் காப்பீட்டில் எரிமலைச் சாம்பலால் வரும் தாமதம் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். வெடிப்புச் செய்தி வந்த பிறகு எடுத்த காப்பீடு பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது, டிக்கெட் போடும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

எச்சரிக்கை நிலையைப் பார்க்க அரசின் மாக்மா இந்தோனேசியா செயலி இருக்கிறது. 1 முதல் 4 வரை நான்கு நிலை: நார்மல், வஸ்படா, சியாகா, ஆவாஸ். அங்கே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், பக்கத்திலேயே எத்தனை கி.மீ. தள்ளி நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கும். கிளம்புகிற அன்று காலையிலும் பாருங்கள், முதல்நாள் செய்தி போதாது. சியாகா வந்துவிட்டால் திட்டத்தையே மாற்றிவிடுங்கள்.

கோவைப்பயணி

கணவரும் நானும் உட்கார்ந்து முழுக்கப் படித்தோம். முடிவு இது. புரோமோவில் எல்லாரும் பெனாஞ்சாக்கான் போகிறோம். அம்மா அங்கிருந்து இறங்கி கோயில்வரை. நிலையும் காற்றும் சரியாக இருந்தால் நானும் பையனும் படியேறி, பிள்ளையாரைப் பார்த்து, பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவோம். இஜெனுக்கு அம்மாவும் கணவரும் வரவில்லை, இஜென் பக்கத்து ஊரான பான்யுவாங்கியில் விடுதியில் இருப்பார்கள். நானும் பையனும் விடியலில் விளிம்புவரை மட்டும். உள்ளே இறங்கவில்லை என்று அவனிடமும் சொல்லியாகிவிட்டது. முகம் சுருங்கியது. அமில ஏரி என்றதும் "அதில் இரும்பைப் போட்டால் கரையுமா?" என்று ஆரம்பித்துவிட்டான்.

டிராவல்ஸ்காரரிடம் முகமூடி பற்றிக் கேட்டேன். துணி மாஸ்க்தானாம். நாங்களே கார்ட்ரிஜ் முகமூடி சிறிய அளவில் தேடி வாங்குகிறோம். பையன் முகத்தில் ஒட்டவில்லை என்றால் இஜென் கிடையாது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. இஜெனிலிருந்து இறங்கி அன்றே பாலிக்குப் போய், இரவு விமானத்தைப் பிடிக்கலாமா?

பினாங்கு மலையேறி

வேண்டாம். ஜாவா பக்கத்துத் துறைமுகமான கெத்தாபாங்கிலிருந்து ஃபெர்ரி ஒரு மணிநேரம்கூட ஆகாது, ஆனால் வரிசையில் நிற்பதைக் கணக்கில் சொல்ல முடியாது. அக்கரையில் கிலிமானுக்கிலிருந்து விமான நிலையம் நான்கு மணிநேரத்துக்குக் குறையாது, லாரிகள் ஓடும் ஒற்றைச் சாலை. அதோடு பாலி கடிகாரம் ஜாவாவைவிட ஒரு மணிநேரம் முன்னால் ஓடும். படகில் ஏறும்போதே ஒரு மணிநேரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி பாலியில் தங்கி அடுத்த நாள் கிளம்புங்கள், அம்மாவுக்கும் ஓய்வு கிடைக்கும்.

கோவைப்பயணி

சரிங்க அண்ணா, டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.